முன்பின் தெரியாதவர்களோடு அறிவியல், தொழில்நுட்பம், அரசியல் வாதிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்குப்பதிவு இயந்திரம், நியூட்ரினோ, தடுப்பூசி. தமிழில் இணையச் சண்டை மூண்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மூள்கிறது. இந்தச் சண்டைகளில் நான் மூக்கை நுழைப்பதைப் பார்க்கும் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்கும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி விரல் தேய்ந்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. வசவுகளை மட்டும் நீக்கினேன். எடுத்துக்காட்டுகளில் வாக்குப்பதிவு இயந்திரமே அதிகம் வரும். அநேகமாக எல்லாக் கட்சிக்காரர்களும் ஏதோ ஒரு தேர்தலில் அதைத் திட்டியிருப்பதால், யாருக்கும் அது அந்நியமாக இருக்காது.

யாரென்றே தெரியாத ஒருவரோடு வாதிட்டு என்ன ஆகப்போகிறது? அவர் மாறவா போகிறார்?

அநேகமாக மாட்டார். பட்டிமன்றத்தில் எதிரணித் தலைவர் மனம் மாறி எழுந்து வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கூட்டம் கேட்கிறது. இணையத்திலும் அப்படித்தான்: இருவர் மோதும் இடத்தை ஒரு வார்த்தையும் எழுதாமல் பலர் படித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் இன்னும் முடிவெடுக்காதவர்கள் இருப்பார்கள். நீங்கள் எழுதுவது அவர்களுக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோபம் தானாக இறங்கிவிடும். எதிரே இருப்பவர் "தோற்றேன்" என்று எழுத வேண்டும் என்று காத்திருப்பவர்கள்தான் இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறார்கள்.

பார்ப்பதற்கெல்லாம் பதில் சொல்ல முடியுமா? எதை விட்டுவிடலாம்?

உடல்நலத்தில் கைவைக்கும் வதந்தியை விடாதீர்கள். யாராவது நம்பி மருந்தை நிறுத்திவிடக்கூடும். தலைவர்களின் அந்தரங்கம், சாதிப் பெருமை, "என் தலைவரைப்போல் உண்டா" வகையறாக்களை விட்டுவிடலாம். மீதியில் உங்களுக்கு உண்மையிலேயே கொஞ்சம் தெரிந்த விஷயம் எதுவோ அதில் மட்டும் இறங்குங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? அவர் ஒரே மூச்சில் பத்து விஷயம் சொல்கிறார்.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. "இயந்திரத் தேர்தலே மோசடி" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரிக்குள் நான்கு வெவ்வேறு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. அந்தக் கருவியைத் தொழில்நுட்ப ரீதியாக மாற்றியமைக்க முடியும் என்பது ஒன்று. சீல், காவல், முகவர்கள் எல்லாவற்றையும் தாண்டித் தேர்தல் நேரத்தில் அதை ஒருவர் செய்ய முடியும் என்பது இரண்டாவது. இன்ன தேர்தலில் இன்ன தொகுதியில் செய்தார்கள் என்பது மூன்றாவது. ஆகையால் வாக்குச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது நான்காவது.

முதலாவதற்குப் பொறியாளர் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குத் தேர்தல் பணியாற்றிய ஆசிரியரோ வருவாய்த் துறை ஊழியரோ நன்றாகவே பதில் சொல்வார். மூன்றாவதற்குச் சாட்சியம் வேண்டும். நான்காவது அரசியல் கோரிக்கை. மூன்றாவதை நம்பாத ஒருவர்கூட, "தோற்றவனும் நம்பும் முறை வேண்டும்" என்ற காரணத்துக்காக நான்காவதை ஆதரிக்கலாம். அதில் எந்த முரணும் இல்லை. இந்த நான்கையும் கலந்து அடிப்பதால்தான் சண்டை முடிவதில்லை. ஒருவர் ஒன்றாவதற்கு ஆதாரம் காட்டிவிட்டு மூன்றாவதை நிரூபித்ததாக நினைக்கிறார். இன்னொருவர் மூன்றாவதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டு முதலாவதே பொய் என்கிறார்.

ஆகவே முதல் பதில் ஒரு கேள்வியாக இருக்கட்டும்: "மாற்ற முடியும் என்கிறீர்களா, மாற்றினார்கள் என்கிறீர்களா?" எத்தனையோ வாதங்கள் இந்த ஒற்றைக் கேள்வியிலேயே அடங்கிப்போகின்றன.

ஆதாரம் கேட்டால் "நீயே தேடிப் பார்" என்கிறார்கள். நான்தான் தேட வேண்டுமா?

இல்லை. சொன்னவர்தான் காட்ட வேண்டும். ஆனால் அதை ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப "ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே" என்று எழுதினால் படிப்பவர்களுக்கு உங்கள்மேல்தான் எரிச்சல் வரும். "ஆதாரம் கேட்டேன், கொடுக்கவில்லை" என்று ஒரு வரி போதும். விதி உங்களுக்கும் பொருந்தும்: "நிரூபிக்கப்பட்ட உண்மை" என்று நீங்கள் எழுதினால், எங்கே நிரூபித்தார்கள் என்று சொல்லத் தயாராக இருங்கள்.

ஒன்றரை மணி நேரக் காணொளியை அனுப்பி "முழுவதும் பார்த்துவிட்டு வா" என்றால்?

எந்த நிமிடத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, அனுப்பியவரே முழுவதும் பார்த்திருக்க மாட்டார்.

"நாசாவே ஒப்புக்கொண்டது" என்று சொன்னால் எப்படி மறுப்பது? மத நம்பிக்கையைப் புண்படுத்தியதாகிவிடாதா?

திருநள்ளாறு சனீஸ்வரன் கோவிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசா விஞ்ஞானிகள் வந்து வணங்கிவிட்டுப் போனார்கள் என்ற கதையைத்தானே சொல்கிறீர்கள்? இதற்குக் கோவிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. வேகம் போனால் விழத் தொடங்கும். நின்றது மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க இன்னொரு ராக்கெட்டே வேண்டும். தரையிலிருந்து பார்த்தால் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு, ஆனால் அவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே மட்டும்தான் இருக்க முடியும். திருநள்ளாறு அதற்கு வடக்கே கிட்டத்தட்ட 11 பாகையில் இருக்கிறது.

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "சனிப்பெயர்ச்சிக்குப் போகிறவர்கள் முட்டாள்கள்" என்று ஒரு வரி சேர்த்தால், செயற்கைக்கோள் பற்றிய உங்கள் விளக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். பக்தர்களில் பலருக்கு அந்தக் கதை தேவையே இல்லை. நாசா சொல்வதற்கு முன்பும் அவர்கள் நளன் குளத்தில் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தடுப்பூசி போட்டார், இரண்டு நாளில் இறந்தார். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். தமிழ்நாடே அதிர்ந்தது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழு, அந்த இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. ஆனால் ஏப்ரலில் பரவிய அச்சத்தின் வேகத்தில் கால்வாசிகூட அக்டோபர் அறிக்கைக்கு இல்லை.

வாதத்தில் உதவுவது ஒரு எளிய கணக்கு. இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 6 பேர் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார்கள். அப்படியானால் பத்து லட்சம் பேர் உள்ள ஒரு கூட்டத்தில், ஊசி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும், எந்த இரண்டு நாட்களை எடுத்தாலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறப்பார்கள். நடுத்தர வயதைக் கடந்தவர்களாகப் பார்த்துப் பத்து லட்சம் பேருக்கு ஊசி போட்டால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஆகவே "போட்ட பிறகு இறந்தார்" என்பது விசாரிக்க வேண்டிய செய்தி, அதுவே தீர்ப்பாகிவிடாது. ஊசி போட்டவர்களில் இறப்பு வழக்கத்தைவிட அதிகமா என்பதுதான் கேள்வி.

பக்கவிளைவே கிடையாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோவிஷீல்டு வகைத் தடுப்பூசிக்கு மிக அரிதான ரத்த உறைவுப் பாதிப்பு உண்டு என்பது பதிவான உண்மை. அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், "மறைக்கிறான்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

"நீ என்ன பெரிய விஞ்ஞானியா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

இல்லை என்று சொல்லுங்கள். பிறகு எதை எங்கிருந்து அறிந்தீர்கள் என்று சொல்லுங்கள். படிப்பறிவு ஒரு கூற்றை எடைபோட உதவுகிறது, பட்டமே ஆதாரமாகிவிடாது.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. "எங்கள் சுஜாதா உருவாக்கிய இயந்திரம், அதில் தவறு வருமா?" என்று கேட்கும் வாசகர்களைத் தமிழில்தான் பார்க்க முடியும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதாவுக்கு அந்தக் கருவியின் உருவாக்கத்தில் பங்கு உண்டு, அது நமக்குப் பெருமையும்கூட. ஆனால் இன்று வாக்குச்சாவடியில் இருப்பது மூன்றாம் தலைமுறையான எம்3 வகை. கூடவே, எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தோம் என்பதை அச்சிட்டுக் காட்டும், அவர் காலத்தில் இல்லாத ஒப்புகைச் சீட்டு இயந்திரம் (விவிபேட்). அபிமானத்தால் ஒரு மின்சுற்றைச் சோதிக்க முடியாது.

"ஜெர்மனியே தடை செய்துவிட்டது, நாம் மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம்?" இதற்குப் பதில் இருக்கிறதா?

இருக்கிறது, இரு தரப்புக்கும் பிடிக்காத பதில். ஜெர்மனியின் அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று கொடுத்த தீர்ப்பு, 2005 தேர்தலில் அங்கே பயன்படுத்திய, நெடாப் என்ற நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பற்றியது. அவற்றில் காகிதப் பதிவு எதுவும் கிடையாது. அந்தத் தேர்தலில் மோசடி நடந்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, முடிவுகளை ரத்து செய்யவும் இல்லை. அது சொன்னது வேறு: தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகனும் வாக்கு எப்படிப் பதிவாகி எப்படி எண்ணப்படுகிறது என்பதைச் சரிபார்க்க முடிய வேண்டும், இந்தக் கருவிகளில் அது முடியாது.

"ஜெர்மனியில் மோசடி நிரூபணமானது" என்று எழுதுகிறவருக்கு மேற்சொன்னது மறுப்பு. "நம் கருவி வேறு, ஆகவே அந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்தாது" என்று எழுதுகிறவரும் முழுக்கத் தப்ப முடியாது. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புகைச் சீட்டை வலியுறுத்தியதும், 2019 மக்களவைத் தேர்தல் முதல் எல்லாத் தொகுதிகளிலும் அது வந்ததும் நல்ல மாற்றங்கள்தான். ஆனால் எண்ணப்படாத சீட்டு பெட்டிக்குள் கிடக்கும் காகிதம். எத்தனை சீட்டுகளை எண்ணுகிறோம் என்ற கேள்வியில் ஜெர்மானிய நீதிபதிகளின் கவலை அப்படியே நிற்கிறது. கடைசிக் கேள்வியில் இதற்கு வருகிறேன்.

"எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரே சின்னத்துக்குத்தான் போகிறது, என் கண்ணால் பார்த்தேன்" என்கிறார். கண்ணால் பார்த்தவரிடம் என்ன வாதிடுவது?

வாதிடாதீர்கள், விவரம் கேளுங்கள். எந்தச் சாவடி, எத்தனை மணி, ஒப்புகைச் சீட்டில் என்ன சின்னம் வந்தது? சீட்டு ஏழு விநாடி விளக்கொளியில் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும், பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். அந்த ஏழு விநாடியில் அவர் பார்த்தது வேறு சின்னம் என்றால் அது கடுமையான குற்றச்சாட்டு. அதற்கென்றே தேர்தல் நடத்தை விதிகளில் 49எம்ஏ என்று ஒரு விதி இருக்கிறது. வாக்காளர் எழுத்தில் புகார் கொடுத்தால், சாவடித் தலைமை அலுவலர் முகவர்கள் முன்னிலையில் அவரைச் சோதனை வாக்கு ஒன்று போடச் சொல்ல வேண்டும். புகார் உண்மை என்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு அங்கேயே நிற்கும்.

"அப்படிப் புகார் கொடுத்தாரா?" என்று கேட்டால், இரண்டு விதமான ஆட்களைப் பிரித்தறியலாம். ஒருவர், தானே பார்க்காமல் பகிர்ந்த செய்தியைத் தன் கண்ணில் ஏற்றிக்கொண்டவர். பதில் மழுப்பலாக வரும். இன்னொருவர், "கொடுக்கப் பயந்தேன்" என்பார். அவரைக் கிண்டல் செய்ய வேண்டாம். சோதனையில் புகார் பொய்யானால் ஆறு மாதம் வரை சிறை என்று எச்சரித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். முதல் முறை தவறிய இயந்திரம் இரண்டாம் முறையும் தவறும் என்று என்ன உறுதி? இந்தத் தண்டனை உண்மையான புகாரையும் தடுக்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. நான் அவரோடு சேர்ந்துகொண்டு அதைச் சொல்வேன்.

எதிராளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒப்புக்கொண்டால் தோற்றதாகிவிடாதா?

ஆகாது. ஒப்புக்கொள்ளாவிட்டால்தான் மாட்டிக்கொள்வீர்கள். 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்ரைப் ஆகிய தொழில்நுட்ப வல்லுநர்கள் அடங்கிய குழு ஓர் அசல் இந்திய இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முகப்புப் பலகையை மாற்றி முடிவைத் திரித்துக் காட்ட முடியும் என்று நிரூபித்தது. அந்தக் கருவி எப்படிக் கிடைத்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத் கைதும் ஆனார். "இந்திய இயந்திரத்தை யாருமே உடைத்ததில்லை" என்று அடித்துப் பேசுகிறவரை எதிராளி இந்த ஒரு தகவலால் கவிழ்த்துவிடுவார். மாறாக, "ஆம், கருவியைத் திறந்து கைவைக்க முடிந்தால் மாற்றலாம், லட்சக்கணக்கான சாவடிகளில் அப்படிக் கைவைக்க முடியுமா என்று பேசுவோம்" என்று தொடங்கினால் வாதம் இரண்டாவது கூற்றுக்கு நகர்கிறது.

இன்னொன்று. "எந்தப் பட்டன் எந்தக் கட்சிக்கு என்று இயந்திரத்துக்கே தெரியாது" என்பது முன்பு வலுவான வாதம். இன்றும் வாக்குகளைப் பதிந்துவைக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பட்டன் எண் மட்டும்தான் தெரியும். ஆனால் ஒப்புகைச் சீட்டில் சின்னம் அச்சாக வேண்டுமே, அதனால் அந்தச் சீட்டு இயந்திரத்தில் சின்னங்களைத் தனியாக ஏற்றுகிறார்கள். அந்த ஏற்றும் கருவியையும் சீல் வைத்து 45 நாள் பாதுகாக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய வாதத்தை அப்படியே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

பாதி உண்மைக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதி. 1982-இல் அங்கே 50 சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் வைத்தார்கள். 1984-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மறுவாக்குப்பதிவில் முடிவே தலைகீழானது. "உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது" என்பது உண்மை. ஏன்? இயந்திரம் பழுது என்பதற்காக இல்லை, இயந்திரத்தில் வாக்களிக்கச் சட்டத்தில் அப்போது இடமே இல்லை என்பதற்காக. சட்டத் திருத்தம் 1988-இல்தான் வந்தது.

என் பக்கம் பேசுகிறவரே தவறான தகவல் சொல்கிறார். திருத்த வேண்டுமா, கண்டும் காணாமல் இருக்க வேண்டுமா?

திருத்துங்கள். இதற்கு நியூட்ரினோவைவிட நல்ல பாடம் கிடையாது. தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய 50,000 டன் இரும்புக் காந்தக் கருவி அமைக்கும் திட்டத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர் நியூட்ரினோ கதிர்வீச்சால் மக்கள் அழிவார்கள் என்று எழுதினார்கள். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு விநாடியும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் நம் எல்லோரையும் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. மலைக்குள் வைப்பதே மற்றத் துகள்களை மேலேயுள்ள பாறை தடுத்துவிடும் என்பதற்காகத்தான். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-லேயே வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இந்தக் கதிர்வீச்சுக் கதையால் நட்டம் யாருக்கு? உண்மையான எதிர்ப்புக் காரணங்களை வைத்திருந்தவர்களுக்கு. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது. அதை ஒட்டிய அனுமதிச் சிக்கலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் சுற்றுச்சூழல் ஒப்புதலை நிறுத்திவைத்தது. பாறை வெடிப்பு, நிலத்தடி நீர், புலிகள் நடமாடும் பாதை எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையாட்டுக் காரியம் இல்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தபோது புலிகளின் பாதையைத்தான் முன்வைத்தது. ஆனால் பொதுவெளியில் வாதம் வந்தபோதெல்லாம் ஆதரவாளர்கள் கதிர்வீச்சுப் பேச்சை எடுத்து நொறுக்கிவிட்டு, "எதிர்ப்பவர்களுக்கு இயற்பியல் தெரியாது" என்று எளிதாக நடையைக் கட்டினார்கள். உங்கள் பக்கத்துத் தவறான வாதம் எதிராளிக்கு நீங்களே கொடுக்கும் ஆயுதம். பலர் முன்னால் திருத்தச் சங்கடமாக இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், சொல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

எதைச் சொன்னாலும் "நீ எந்தக் கட்சி?" என்கிறார்களே?

கட்சி இருந்தால் சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் கேள்வி தொடரும். பிறகு வரலாற்றை எடுத்து வையுங்கள். 2001-இல் இயந்திரத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போன அ.தி.மு.க. வழக்கில் தோற்றது, அடுத்த மாதமே அதே இயந்திரத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது. 2009 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு, வாக்குச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டவர் பா.ஜ.க.வின் அத்வானி. 2014-க்குப் பிறகு காங்கிரசும் மற்றவர்களும் அதையே கேட்கிறார்கள். இயந்திரத்தின் மீதான சந்தேகம் ஒரு கட்சியின் சொத்தாக இருந்ததே இல்லை, தோற்றவர் வீட்டில்தான் அது குடியிருக்கிறது. இந்தத் தகவலை வைத்தபின் கட்சிக் கேள்வி பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

ஒன்றை மறுத்தால் ஒன்பதை அள்ளி வீசுகிறார். எப்படிச் சமாளிப்பது?

பரிணாமத்தை எதிர்த்து மேடை மேடையாக வாதிட்ட டூவேன் கிஷ் என்ற அமெரிக்கர் இந்த உத்திக்குப் பெயர்போனவர். ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நொடி, அதை விளக்கப் பத்து நிமிடம். பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்பவர் திணறுவதுபோல் தோன்றும். ஒன்பதுக்கும் பதில் எழுத உட்காராதீர்கள். "இவற்றில் உங்களுக்கே மிக வலுவாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லுங்கள், அதைப் பேசுவோம்" என்று கேளுங்கள். அவர் தேர்ந்தெடுக்க மறுத்தால் நீங்களே முதலாவதை எடுத்து முழுதாகப் பதில் சொல்லுங்கள். ஒரு கூற்று தெளிவாக உடைந்தால் மீதி எட்டின் தரம் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

உண்மையைக் காட்டினால் இன்னும் பிடிவாதம் பிடிப்பார்கள் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே? பிறகு எதற்கு இதெல்லாம்?

2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது: ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்ற திருத்தத்தைப் படித்த பழமைவாதிகளில் ஆயுதங்கள் இருந்தன என்ற நம்பிக்கை கூடியது. அந்த முடிவு ஊரெல்லாம் பரவியது. பிறகு வேறு இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்துப் பார்த்தார்கள். இந்த எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்கும் தென்படவில்லை. திருத்தத்தைப் படித்தவர்கள் சராசரியாக உண்மையின் பக்கம்தான் கொஞ்சம் நகர்ந்தார்கள். கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ஒரு தகவலைத் திருத்திக்கொள்வதும் அரசியலை மாற்றிக்கொள்வதும் ஒன்றென்று எதிர்பார்ப்பதால்தான் நமக்கு ஏமாற்றம்.

எத்தனை சுற்று வாதிடலாம்? எப்போது நிறுத்துவது?

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதை எண்ணிப் பார்த்தார்கள். "என் கருத்தை மாற்றிக் காட்டுங்கள்" என்று ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் தாமாகவே வந்து கேட்டவர்களின் உரையாடல்கள் அவை. இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பேசினால் பயன் இருந்தது; ஐந்து சுற்றைத் தாண்டியபின் மனம் மாறுவது ஏறக்குறைய நின்றுபோனது. மாறத் தயாராக வந்தவர்களிடமே இந்த நிலை என்றால், சண்டைக்கு வந்தவரிடம் பதினைந்தாவது பதிலை எழுதுவது அரைத்த மாவையே அரைப்பது.

நான் மூன்றோடு நிறுத்துகிறேன். நிறுத்தும்போது "உன்னோடு பேசிப் பயனில்லை" என்று கதவைச் சாத்த வேண்டாம். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும்" என்று எழுதிவிட்டுப் போகலாம். வசவு, சாதிப் பெயர், குடும்பத்துப் பெண்களைப் பற்றிய பேச்சு வந்தால் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பதிலை ஒட்டினால் வேலை மிச்சம்தானே?

இல்லாத தீர்ப்பையும் இல்லாத பிரிவு எண்ணையும் இருப்பதுபோலவே எழுதிக் கொடுக்கும் வழக்கம் அதற்கு உண்டு. தேடத் தொடங்க உதவும். சொன்ன தீர்ப்பைத் திறந்து பார்த்த பிறகு உங்கள் சொற்களில் எழுதுங்கள். பளபளப்பான ஆறு பத்திகளை நீங்கள் ஒட்டினால் எதிராளியும் ஆறு பத்தி ஒட்டுவார். பிறகு இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கும், நீங்கள் இருவரும் தபால்காரர்கள்.

இப்படியெல்லாம் எழுதினால் வழக்கு வருமா?

"எரிச்சலூட்டும்" பதிவுக்கே கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவதூறு, பிரிவினருக்கிடையே பகை மூட்டுதல் ஆகிய குற்றங்கள், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கின்றன. ஒரு கருவியையோ கொள்கையையோ விமர்சிப்பது ஒன்று. இன்ன அதிகாரி லஞ்சம் வாங்கிக்கொண்டு மாற்றினார் என்று பெயர் போட்டு ஆதாரமின்றி எழுதுவது வேறு.

"நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்" என்பது காப்பாற்றாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-இல் பகிர்ந்த நடிகர்-அரசியல்வாதி ஒருவர், படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி வழக்கை ரத்து செய்யக் கேட்டார். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன.

எல்லாம் சரி, இயந்திரம் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன? நழுவாமல் சொல்லுங்கள்.

மேலே பிரித்த நான்கு கூற்றுகளின்படியே சொல்கிறேன். கருவியைத் திறந்து கைவைக்க முடிந்தால் மாற்றலாம்: ஆம். நாடு முழுவதும் ஓசையில்லாமல் அதைச் செய்வது: மிகக் கடினம். ஒரு தேர்தலின் முடிவு அப்படி மாற்றப்பட்டதற்கான சாட்சியம்: இதுவரை நான் பார்த்ததில்லை. வாக்குச்சீட்டுக்குத் திரும்புவது: வேண்டாம், ஆனால் ஒப்புகைச் சீட்டை இப்போது எண்ணும் முறை போதாது.

ஏன் போதாது என்பதற்குக் கணக்கு. 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கல் முறையில் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி இயந்திரத்தின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். தொகுதியில் 250 சாவடிகள் என்று கொள்வோம். பாதி இயந்திரங்களில் கைவைத்திருந்தால் இந்த ஐந்தில் அது சிக்கும் வாய்ப்பு 97 விழுக்காடு. ஐந்தே இயந்திரங்களில் மட்டும் கைவைத்திருந்தால் வாய்ப்பு 10 விழுக்காடுதான். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் ஐந்தைந்தில் கைவைத்தால் மொத்தம் 1,170 இயந்திரங்களைச் சரிபார்க்கிறோம்; ஒன்றுகூடச் சிக்காமல் தப்புவதற்கான வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆக, "மாநிலத்தையே திருடிவிட்டார்கள்" என்பது இந்தச் சோதனையைத் தாண்டி நிற்காது. இருநூறு வாக்கில் முடிவாகும் ஒற்றைத் தொகுதியில் ஐந்து இயந்திரம் என்றால் இந்தச் சோதனை அநேகமாகக் கோட்டைவிட்டுவிடும்.

அதனால் என் கோரிக்கை சிறியது: வித்தியாசம் குறைவான தொகுதிகளில் எல்லாச் சீட்டுகளையும் எண்ணுங்கள். இப்போதும் வேட்பாளர் எழுத்தில் கேட்கலாம், ஆனால் எண்ணுவதா வேண்டாமா என்பது தேர்தல் நடத்தும் அலுவலரின் விருப்பத்தில் இருக்கிறது. அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு, இத்தனை வாக்குக்குக் கீழே என்றால் தானாகவே எண்ண வேண்டும் என்று விதியில் எழுதினால் போதும். என்னைப் பொறுத்தவரை இப்போது வாதிட வேண்டியது அந்த எண் எவ்வளவு என்பதைத்தான். ஐந்நூறா, ஆயிரமா?